எங்கள் வீட்டு மடிக்கணினி: நிறைகளும் குறைகளும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

முன்னுரை

விஞ்ஞானம் நாள்தோறும் புதுமைகளை ஈன்று வரும் இக்காலத்தில் மடிக்கணினியைக் கண்டிராதவர் நம் பள்ளியில் எவரும் இரார். ஆயினும் அதைக் கடையில் காண்பது வேறு. வீட்டில் வைத்து ஆண்டுக்கணக்கில் அதனோடு குடித்தனம் நடத்துவது வேறு. கடைக்காரர் சொல்வது முதல் நாளின் பெருமை. ஐந்தாம் ஆண்டின் உண்மையை அதை வைத்திருப்பவர்தாம் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவர்: கல்லூரியில் படிக்கும் அக்கா, நடுவில் ஒருத்தி, ஏழாம் வகுப்பில் படிக்கும் தம்பி. எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அதனால் நாங்கள் பெற்ற நன்மையும் பட்ட துன்பமும் தோழியருக்கும், புதிதாக வாங்க எண்ணும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வீட்டுக்கு வந்த கதை

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது எங்களில் ஒருத்தி நான்காம் வகுப்பு, தம்பி முதல் வகுப்பு, அக்கா ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்தது அப்பாவின் கைபேசி ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு மூவருக்கும் வகுப்பு. அப்பாவோ அதே கைபேசியை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போயாக வேண்டும். ஓராண்டு இப்படிக் கழிந்தது. 2021 ஜூன் மாதம் அம்மா கட்டி வந்த சீட்டு எடுத்து, அந்தப் பணத்தோடு சிறிது கடனும் சேர்த்து, முப்பத்து மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். அது உயர்ந்த வகையன்று. கடையில் அடுக்கி வைத்திருந்தவற்றுள் விலை குறைந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

பெட்டியைப் பிரித்த அன்று ஆச்சி அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட வேண்டும் என்றார். மாதா படத்தின் முன் வைத்துச் செபம் சொன்னால் போதும் என்று அம்மா தடுத்துவிட்டார். பொட்டு வைத்திருந்தால் விசைகளுக்குள் குங்குமம் போயிருக்கும் என்று இப்போது எண்ணிச் சிரிக்கிறோம்.

மடிக்கணினியும் நம் மலைநாட்டுக் கான்வென்டும்

குறை நிறைகளைக் கூறுமுன் இதன் வரலாற்றில் மூன்று செய்திகளை மட்டும் சொல்லி விடுகிறோம்.

முதலாவது, மடியில் வைத்துக்கொள்ளும் கணினி என்ற எண்ணமே பிள்ளைகளுக்காகத் தோன்றியது. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆலன் கே என்பவர், புத்தகம் போல் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு கணினியைக் கற்பனை செய்து அதற்கு ‘டைனாபுக்’ என்று பெயரிட்டார். எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான கணினி என்றே தம் கட்டுரையில் அவர் அதனைக் குறித்தார். அக்காலத்தில் அதைச் செய்து பார்க்கத் தேவையான சிறிய உறுப்புகள் இருக்கவில்லை.

இரண்டாவது செய்தி நமக்கு மிக அண்மையானது. 1981-ஆம் ஆண்டில் ‘ஆஸ்பர்ன் 1’ என்ற தூக்கிச் செல்லும் கணினி விற்பனைக்கு வந்தது. தூக்கிச் செல்லும் கணினிகளுள் முதன்முதலில் நன்றாக விற்றது அதுவே. எடை ஏறத்தாழ 11 கிலோ, அதாவது அரை மூட்டை அரிசிக்குச் சற்றுக் குறைவு! திரை ஐந்தே அங்குலம். உள்ளே மின்கலம் இல்லை. சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். இதை உருவாக்கிய ஆடம் ஆஸ்பர்ன் தம் இளமையைத் திருவண்ணாமலையில் கழித்தவர். கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் பயின்றவர். பின்னர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று புகழ் பெற்று, இறுதி நாள்களில் மீண்டும் கொடைக்கானலுக்கே வந்து 2003-ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தார்.

மூன்றாவது, கணினி ஆண்களுக்குரிய துறை என்று எவரேனும் சொன்னால் நாம் ஒரு பெயரைச் சொல்லலாம். 1965-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி ஓர் அருட்சகோதரி! மேரி கென்னத் கெல்லர் என்பது அவர் பெயர். பட்டம் பெற்றபின் அவர் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதை நடத்தினார்.

நிறைகள்

முதலாவது நிறை, மின்சாரம் நின்றாலும் இது நிற்பதில்லை. எங்கள் ஊரில் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை உண்டு. மழைக்காலத்தில் சொல்லாமலும் நின்றுவிடும். மேசைக் கணினி வைத்திருக்கும் மாமா வீட்டில் அப்போது எழுதியது பாதியில் அணைந்து போகும். எங்கள் வீட்டிலோ விளக்கு அணைந்தபின்னும் திரை மட்டும் வெளிச்சமாய் நிற்கும். இந்த ஒரு நன்மைக்காகவே கொடுத்த பணம் தகும் என்று அப்பா சொல்வார்.

இரண்டாவது, இது மின்சாரத்தை மிகச் சிக்கனமாகவே உண்கிறது. எங்கள் மின்கலத்தின் மீது 41 வாட்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. இயற்பியல் பாடத்தில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி என்று படிக்கிறோம் அல்லவா? மின்னூட்டும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்து ஒரு முறை நிரப்ப 50 வாட்-மணி என்று கொண்டாலும், ஒரு யூனிட்டில் இருபது முறை நிரப்பலாம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுத்துக்கொள்கிறது. எழுதும்போதும் படிக்கும்போதும் மடிக்கணினி எடுப்பது பத்து வாட்டை ஒட்டியே. மின் கட்டணம் ஏறிவிடும் என்று அஞ்சிய அம்மாவிடம் இக்கணக்கைக் காட்டியபின் அவருக்கு நிம்மதி பிறந்தது.

மூன்றாவது, இடத்தை அடைக்காதது. எங்கள் வீட்டில் படிப்பதற்கென்று தனி மேசை இல்லை. காலையில் தம்பி சாப்பாட்டுப் பலகையில் வைத்துப் படிப்பான். மதியம் அம்மா தம் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவை அதில் பதிவார். இரவில் அக்கா திண்ணையில் உட்கார்ந்து கல்லூரிப் பாடம் எழுதுவார். ஒரே பொருள் மூன்று இடங்களில் மூன்று பேருக்கு உழைக்கிறது. அம்மா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இன்று குழுவின் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் எந்தக் கட்டத்தில் பிசகு என்று கண்டுபிடித்து விடுகிறார்.

நான்காவது, இதில் தமிழ் எழுதலாம் என்பது. விசைகளில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தமையால் முதலில் நாங்கள் தயங்கினோம். 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘தமிழ்99’ என்ற விசைப்பலகை முறையை வெளியிட்டது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகிய முப்பத்தொன்றே அடிப்படை. க-வுக்குரிய விசையைத் தட்டி, ஆ-வுக்குரிய விசையைத் தட்டினால் ‘கா’ தானே பிறந்துவிடும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று மூன்றாம் வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதியது நினைவுக்கு வந்தது. எழுத்துகளைச் சிறு தாளில் எழுதி விசைகளின் மேல் ஒட்டிப் பழகினோம். இரண்டு மாதத்தில் தாள்கள் உதிர்ந்தன. விரல்களுக்கு இடம் பழகிவிட்டது. இக்கட்டுரையும் அவ்வாறு தட்டியதே.

குறைகள்

நிறைகளைச் சொன்னபின் குறைகளை மறைத்தால் அது விளம்பரமாகிவிடும். எனவே ஒளிக்காமல் எழுதுகிறோம்.

திரை: எங்கள் கணினியின் திரைக்கு நேரே உட்கார்ந்தால் படம் தெளிவாகத் தெரியும். சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறி, முகங்கள் கறுத்துவிடும். விலை குறைந்த மடிக்கணினிகளில் இவ்வகைத் திரை பரவலாக உண்டு. ஒருவர் படிக்க இது போதும். மூவர் கூடிப் பார்க்கையில் நடுவில் உட்காரச் சண்டை வரும். கடையில் வாங்கும்போது எழுந்து நின்றும், பக்கவாட்டில் நகர்ந்தும் திரையைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

கீல்: மூடியையும் உடலையும் இணைக்கும் கீல் இரும்பாலானது. ஆனால் அது திருகப்பட்டிருக்கும் இடம் மெல்லிய பிளாஸ்டிக். ஒரு மூலையைப் பிடித்து ஒரு கையால் திறந்தால் பாரம் முழுதும் ஒரு கீலின் மேல் விழுகிறது. நாங்கள் மூவரும் அப்படித்தான் திறந்தோம். இரண்டாம் ஆண்டில் இடப்பக்கத்து மூலை ‘படக்’கென்று விரிந்தது. பழுது பார்ப்பவர் பசை வைத்து ஒட்டித் தந்தார். இப்போது இரு கைகளாலும் நடுவில் பிடித்துத் திறக்கிறோம்.

வெப்பம்: இக்குறையைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. காலையில் விரைவாக ஓடும் கணினி பிற்பகலில் நத்தையாக ஊரும். ஏதோ வைரஸ் புகுந்துவிட்டது என்று எண்ணினோம். உண்மைக் காரணம் வேறு. கணினியின் மூளையாகிய புரொசசர் வேலை செய்யும்போது சூடாகும். அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் சிறு விசிறி அச்சூட்டை வெளியே தள்ளுகிறது. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தான் எரிந்து போகாதிருக்க புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓடி வந்தவன் மூச்சு வாங்க நடப்பதைப் போன்றது இது.

நாங்களோ அதை மெத்தையின்மேல் வைத்துப் பயன்படுத்தி வந்தோம். மெத்தை துளைகளை அடைத்தது. தூசியும் துணி நூலும் உள்ளே போய் விசிறியைச் சுற்றிக்கொண்டன. ஒரு முறை திறந்து சுத்தம் செய்தபோது பழுது பார்ப்பவர் விரல் நுனியில் பஞ்சு போல் தூசியை எடுத்துக் காட்டினார். அன்று முதல் ஒரு மரப்பலகையின் மேலேயே கணினி உட்காருகிறது. மடிக்கணினி என்று பெயர் இருந்தாலும் அதை மடியில் வைக்காதிருப்பதே அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மெல்லிய அதிர்ச்சி: சார்ஜர் செருகியிருக்கும்போது உலோக மூடியைத் தொட்டால் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு உண்டாயிற்று. தம்பி பயந்து விட்டான். எலெக்ட்ரீசியன் வந்து பார்த்தார். மூன்று முனைச் செருகியை நாங்கள் இரண்டு முனை அடாப்டரில் மாட்டியிருந்தோம். இதனால் எர்த் இணைப்பு அற்றுப்போய், சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறு மின்னோட்டம் தரைக்குப் போக வழியின்றி மூடியில் தங்கியது. எர்த் உள்ள மூன்று துளைப் பிளக்கில் மாட்டியதும் ஊர்தல் நின்றது. கசிவு சிறிதாயினும் அதை அலட்சியம் செய்யலாகாது என்று அவர் எச்சரித்தார்.

மின்கலம் பொங்கிய நாள்

நம் மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். இது 1991-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதற்கு வழி கண்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ என்னும் மூவருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெறும்போது குட்இனஃப் அவர்களுக்கு வயது 97!

சிறிய உருவில் மிகுந்த ஆற்றலைச் சேமிப்பது இதன் பெருமை. முதுமை அடைவது இதன் குறை. முழுதாகச் செலவழித்து முழுதாக நிரப்புவதை ஒரு சுழற்சி என்பர். சில நூறு சுழற்சிகளுக்குப் பின் அது ஏற்கும் அளவு குறைந்துகொண்டே போகும். புதிதில் நான்கு மணி நேரம் தாங்கிய எங்கள் மின்கலம் மூன்றாம் ஆண்டில் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கியது. வெப்பமும், எந்நேரமும் நூறு விழுக்காட்டில் செருகி வைப்பதும் முதுமையை விரைவுபடுத்தும். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

2024 மே மாதம், கணினியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கையை எடுத்தார். “இங்க பாருங்க பிள்ளைங்களா, இந்த இடம் பொங்கியிருக்கு” என்றார். விரலால் தடவும் சதுரப் பட்டை சற்றே மேடாக எழும்பி நின்றது. ஒரு வாரமாகவே அந்தப் பட்டை அழுந்தவில்லை. நாங்கள் ஓங்கி அழுத்தி வேலை வாங்கிக்கொண்டிருந்தோம். மின்கலம் பழுதடையும்போது உள்ளேயுள்ள வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகி, உறை உப்பும். உப்பிய மின்கலத்தை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும். அதைத்தான் நாங்கள் அழுத்தினோம்! இரவில் அதைத் தம்பி படுக்கும் கட்டிலின் ஓரத்தில் சார்ஜில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதை நினைக்கும்போதெல்லாம் அம்மா சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்.

அப்பா உடனே சார்ஜரைக் கழற்றி, கணினியை அணைத்து, சிமெண்டுத் தரையில் தனியே வைத்தார். மறுநாள் பழுது பார்ப்பவர் பழைய மின்கலத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். உப்பியதைக் குப்பையில் போடக்கூடாது என்று சொல்லி அவரே எடுத்துச் சென்றார். படிப்புக் குறைவு என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளும் அம்மாவின் கையே எங்கள் மூவரின் படிப்பையும் விட அன்று உதவியது.

ஆச்சியின் குரல்

இக்கட்டுரையில் எழுதவா, விடவா என்று நாங்கள் வெகுநேரம் யோசித்த பகுதி இது. எழுதினால் வேறொரு வீட்டில் இது நேராமல் இருக்கலாம் என்று அக்கா சொன்னார். ஆகவே எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் ஆச்சியை உட்கார வைத்து அவர் சொன்ன கதைகளை மடிக்கணினியில் பதிவு செய்தோம். அவர் சிறுமியாய் இருந்தபோது வந்த புயல், தாத்தாவைத் திருமணம் செய்த நாள், உப்பளத்தில் வேலை செய்த ஆண்டுகள் ஆகிய எல்லாவற்றையும் மூன்று மாலைகளில் சொன்னார். இடையிடையே பழைய அம்மானைப் பாட்டும் பாடினார். 2023-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஆச்சி இறைவனடி சேர்ந்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் ஒரு மாலை, ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கட்டிலிலிருந்து எடுக்கும்போது கை வழுக்கிற்று. முழங்கால் உயரம் கூட இராது. வெளியே ஒரு கீறலும் இல்லை. ஆனால் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சுவர்க்கடிகாரம் போல் ஓர் ஒலி கேட்டது. பிறகு அது திறக்கவே இல்லை. கீழே விட்டது எங்கள் மூவரில் யார் என்று அப்பா அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர் அறிந்தோம். எங்கள் கணினியில் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தது ஹார்ட் டிஸ்க். அதனுள் கண்ணாடி போல் மினுக்கும் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுழல்வது ஏறத்தாழ 350 முறைதான். அத்தட்டின்மேல், எழுதவும் படிக்கவும் உதவும் முனை ஒன்று தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அணைந்திருக்கும்போது முனை ஒதுங்கி நிற்கும். ஓடும்போது அதிர்ந்தால் தட்டின்மேல் மோதிவிடும். மோதிய இடத்தில் இருந்த எழுத்து, படம், குரல் எல்லாம் போயிற்று.

பழுது பார்ப்பவர் இரண்டு நாள் முயன்று, கையை விரித்தார். சென்னைக்கு அனுப்பினால் எடுக்க முயல்வார்கள். செலவு கணினியின் விலைக்கு மேலும் ஆகலாம். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை என்றார். அப்பா சற்று நேரம் பேசாமல் நின்றார். “அந்தத் தட்ட மட்டும் குடுத்துடுங்க” என்று வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் அது இன்றும் இருக்கிறது.

ஆச்சியின் குரலில் எங்களிடம் எஞ்சியிருப்பது நாற்பது விநாடி. பெரியப்பாவுக்குக் காட்டுவதற்காக ஒரு துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். அது அவர் கைபேசியில் இருந்தது. அதில் ஆச்சி பாட்டுப் பாடவில்லை. புயலைப் பற்றியும் சொல்லவில்லை. “போதும்டா, தண்ணி கொண்டா” என்று சொல்லிச் சிரிக்கிறார்.

கணினியைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதிர்ச்சி தாங்காதது அதன் குறைதான். ஆனால் மூன்று மாலைகளின் செல்வத்தை ஒரே பெட்டியில் பூட்டி வைத்தது எங்கள் குறை. முப்பது ரூபாய்ச் சோற்றுப் பொட்டலத்தைக் கூடச் சிந்திவிடுமோ என்று இரண்டு பை போட்டுக் கொண்டு வருகிறோம். விலையில்லாப் பொருளுக்கு ஒரு நகல் எடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

புத்துயிர்

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புப் பட்டையைப் பொருத்தினார்கள். அதில் சுழல்வதும் மிதப்பதும் ஒன்றுமில்லை. அனைத்தும் சிறு சில்லுகளில் தங்குகின்றன. ஆகவே அதிர்ச்சியை அது நன்கு தாங்கும். நான்கு ஜி.பி. ரேமுடன் மேலும் நான்கைச் சேர்த்தார்கள். ரேம் என்பது நாம் படிக்கும் மேசையின் பரப்பைப் போன்றது. மேசை சிறிதாயின் ஒரு புத்தகத்தை மூடி வைத்துத்தான் மற்றொன்றை விரிக்க முடியும். முன்பு திறப்பதற்கே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. புதிது வாங்கலாமா என்று யோசித்திருந்த அப்பா அந்த எண்ணத்தையே கைவிட்டார். வாங்கும்போதே இவ்வகைச் சேமிப்பு உள்ளதைக் கேட்டு வாங்கியிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

எதிர்வீட்டு அக்கா ஒருவர், 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பள்ளி நாள்களில் ஒன்றைப் பெற்றார். அதை இன்றும் துணி உறையிட்டு வைத்துத் தம் தையல் கடைக் கணக்கை அதிலேயே எழுதுகிறார். “பாத்திரம் மாதிரி புழங்கக்கூடாது பாப்பா, பால் மாதிரி பாத்துக்கணும்” என்பது அவர் வாக்கு.

தோழியருக்குச் சில குறிப்புகள்

1. மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். தட்டையான பலகையில் வையுங்கள்.

2. இரு கைகளால் நடுவில் பிடித்துத் திறவுங்கள். ஓடும்போது தூக்கி நடக்காதீர்கள்.

3. எர்த் உள்ள மூன்று துளைப் பிளக்கில் மட்டும் செருகுங்கள். இரவு முழுதும் சார்ஜில் விடாதீர்கள். மின்கலத்தை இருபதுக்கும் எண்பது விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருந்தால் அதன் ஆயுள் நீளும்.

4. எங்கேனும் மேடு தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள்.

5. அருகில் தின்பண்டம் வேண்டாம். முறுக்குத் துகளைத் தேடி எறும்பு உள்ளே குடியேறும். எங்கள் கணினியில் குடியேறியிருக்கிறது!

6. போனால் திரும்ப வராதவற்றை இரண்டு நகல் எடுங்கள். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

முடிவுரை

மடிக்கணினியின் நிறையும் குறையும் இரு வேறு இடங்களிலிருந்து வருவன அல்ல என்பதே நாங்கள் கற்ற பாடம். மெல்லியதாய் இருப்பதால் எங்கும் கொண்டு செல்கிறோம். மெல்லியதாய் இருப்பதாலேயே கீல் விரிகிறது, வெப்பம் தங்குகிறது. மின்கலம் இருப்பதால் இருளிலும் ஒளிர்கிறது. மின்கலம் இருப்பதாலேயே ஒருநாள் பொங்குகிறது. பொருளின் இயல்பை அறிந்து நடப்பவர்க்கு அதன் குறை பாதியாகும்.

பெற்றோர் கடன் பட்டு வாங்கித் தந்ததை நாம் பேணுவது நன்றியின் ஒரு வடிவம். எங்கள் மடிக்கணினி இவ்வாண்டு ஐந்தாம் வயதை நெருங்குகிறது. மூலையில் பசைத் தழும்பு, விசைகளில் தேய்ந்த எழுத்து, மூடியில் தம்பி ஒட்டிய நட்சத்திரம் ஆகியவற்றோடு நாள்தோறும் உழைக்கிறது. கடந்த விடுமுறையில் நாங்கள் மூவரும் அம்மாவை உட்கார வைத்து, அவர் பள்ளியை விட்ட கதையைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். முதல் மாலைப் பதிவு முடிந்ததும் அப்பாவே முன்வந்து, “இன்னொரு காப்பி எடுத்தாச்சா?” என்று கேட்டார்.

எடுத்துவிட்டோம். ஒன்று பெரியப்பா வீட்டில் இருக்கிறது.